எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? – போதைத் தடுப்புத் திட்டங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

பிள்ளைகள் போதைப்பழக்கத்தில் நுழையாமல் காப்பதற்கென்று வேறு நாடுகளில் வகுக்கப்பட்டு, சோதித்துப் பார்க்கப்பட்ட திட்டங்களை நம் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவருவது பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம். சிகிச்சை பற்றிய கேள்விகளை, ஒன்றைத் தவிர, மருத்துவப் பகுதிக்கு அனுப்பியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டுப் போதைத் தடுப்புப் பாடத்தின் கையேட்டைக் கொடுத்துள்ளது. எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டு பாடவேளைகள் வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது? உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று ஒரே நாளில், படக்காட்சி, உறுதிமொழி, பேரணி என்று சுருக்கி நடத்திவிடலாம் என்பது தலைமையாசிரியரின் எண்ணம். உள்ளூருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறதே?
– அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாற்றலாம் என்று எழுதியிருப்பதைச் சுருக்கலாம் என்று படித்துக்கொள்வது உங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதன்று, எல்லா நாடுகளிலும் இதுதான் நடக்கிறது. இவ்வகைப் பாடங்களுள் மிக அதிகமாக ஆராயப்பட்டது, நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கில்பர்ட் போட்வின் வகுத்த வாழ்க்கைத்திறன் பயிற்சி. அதில் முதலாண்டில் 15 வகுப்புகள், அடுத்த ஆண்டில் 10, மூன்றாம் ஆண்டில் 5 என்று பாடம் மூன்றாண்டுகளுக்குப் பரவியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் 56 பள்ளிகளில் ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரிந்தது. ஆனால் பாடத்தில் 60 சதவீதத்தையாவது உருப்படியாகப் பெற்ற மாணவர்களிடத்தில்தான் அது மிகுதியாகத் தெரிந்தது. பாதிக்கும் கீழே போனால் எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு பாடவேளைகளுக்குள் என்ன இருக்கிறது என்று கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். வகுப்பில் எல்லாரும் பழகிவிட்டார்கள், நான் மட்டும்தான் மிச்சம் என்று பிள்ளைகள் மனத்தில் இருக்கும் தவறான கணக்கைத் திருத்தும் பகுதி ஒன்று இருக்கும். யாராவது நீட்டினால் என்ன சொல்வது, கோபமும் ஏமாற்றமும் வந்தால் என்ன செய்வது, தனக்கென ஒரு முடிவை எப்படி எடுப்பது என்பவற்றை நடித்துப் பார்த்துப் பழகும் பகுதி இருக்கும். தீங்குகளைச் சொல்லும் பகுதி பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஒரே நாளில் நடத்தும்போது சத்தமும் நேரமும் பிடிக்கும் நடிப்புப் பயிற்சிதான் முதலில் வெட்டப்படுகிறது. தீங்குகளின் பட்டியல் மட்டும், புற்றுநோய் வந்த வாயின் படத்தோடு, மிஞ்சுகிறது. அச்சுறுத்தலையும் தகவலையும் மட்டும் நம்பும் முறைகள் பழக்கத்தைத் தடுப்பதில்லை என்பதைப் போதைத் தடுப்புக்கான பன்னாட்டுத் தரநிலைகளை 2013-இல் வெளியிட்ட ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம், உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பிலும் எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆகவே ஒரு நாள் விழாவாகச் சுருக்கினால், கையேட்டின் பெயர் மட்டும் இருக்கும். அதில் வேலை செய்த பகுதி இருக்காது.

மாற்றவேண்டியவை வேறு. கையேட்டில் விருந்து நடக்கும் வீட்டில் அறிமுகமில்லாத ஒருவன் கோப்பையை நீட்டுவான். உங்கள் மாணவனுக்கு நீட்டுபவர் பெரும்பாலும் சித்தப்பா மகனாகவோ, கபடிக் குழுவில் மூத்த அண்ணனாகவோ இருப்பார். இடம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையாகவோ திருவிழா இரவாகவோ இருக்கும். பொருளும் உதட்டுக்குள் ஒதுக்கும் சிறு புகையிலைப் பொட்டலமான கூல் லிப்பாக இருக்கக்கூடும். காட்சிகளையும் பெயர்களையும் பொருளையும் முழுக்க மாற்றுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வரிசையையும் எண்ணிக்கையையும் நடிப்புப் பயிற்சியையும் தொடாதீர்கள். நேரம் உண்மையாகவே போதாது என்றால், பள்ளி முழுவதற்கும் அரைகுறையாக நடத்துவதைவிட, ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்புக்கு, நீதிபோதனைப் பாடவேளையில் வாரம் ஒன்றாக, முழுமையாக நடத்துவது மேல். ஜூன் 26 பேரணியும் நடக்கட்டும். அதைத் திட்டத்தின் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. நம் பிள்ளைகளிடம் எடுபடும் என்பதற்கு இந்த மண்ணில் ஏதாவது சான்று உண்டா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சென்னை

பதில்: உண்டு, அதில் பாதி உங்கள் நகரத்திலேயே நடந்தது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில், மைத்ரி என்ற பெயரில் ஒரு புகையிலைத் தடுப்புத் திட்டம் நடத்தப்பட்டது. டெல்லியைச் சேர்ந்த ஹ்ருதய் என்ற தொண்டு நிறுவனமும், மினசோட்டாவில் மாணவர்களுக்கான தடுப்புத் திட்டங்களை நீண்ட காலம் வகுத்துவந்த செரில் பெர்ரி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் இருந்தன. பாதிப் பள்ளிகளில் திட்டம் நடந்தது, மறுபாதி ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் இருந்தது. எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்தார்கள்.

திட்டம் தொடங்குமுன் ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் எடுத்த கணக்கெடுப்புதான், என் பார்வையில், இந்த முயற்சியிலேயே மிகவும் கவனிக்கத்தக்க பகுதி. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விடை தந்தார்கள். புகையிலையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருப்பதாகச் சொன்னவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம், ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதம். வயது ஏற ஏறப் பழக்கமும் ஏறும் என்பதுதான் அமெரிக்காவில் கண்ட வழக்கம். ஏழாம் வகுப்பில் தொடங்கும் பாடங்களெல்லாம் அந்த வழக்கத்தை வைத்து எழுதப்பட்டவை. இங்கே கணக்கு தலைகீழாக வந்தது. அந்தப் பாடங்களை அதே வகுப்பில் தொடங்கியிருந்தால், தடுக்கப்பட வேண்டிய பிள்ளைகளில் பலருக்கு அது காலம் கடந்த பாடமாக இருந்திருக்கும். உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவது என்றால் மொழிபெயர்ப்பாளரை அழைப்பதற்கு முன் கணக்கெடுத்துப் பார்ப்பது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பாடத்தில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆசிரியர் பேசிக்கொண்டே போகாமல், மாணவர்களிலிருந்தே வந்த தலைவர்கள் சிறு குழுக்களை நடத்துவது, விளையாட்டும் விவாதமுமாக வகுப்பைக் கொண்டுசெல்வது, வகுப்பறைக்கு வெளியே சுவரொட்டிகள் வைப்பது, வீட்டுக்கு அஞ்சலட்டை அனுப்பிப் பெற்றோரையும் இழுத்துக்கொள்வது ஆகியவை முந்தைய அமெரிக்கத் திட்டங்களின் தூண்கள், அவற்றை வைத்துக்கொண்டார்கள். சிகரெட்டை மட்டும் பேசிய பாடத்தில் பீடியும் குட்காவும் மெல்லும் புகையிலையும் வந்தன. அதோடு, புகையிலை நிறுவனங்கள் தங்களை எப்படி இலக்காக வைக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டு மாணவர்களே குரல் எழுப்பும் பகுதி வலுவாகச் சேர்க்கப்பட்டது. கையில் சிகரெட் இல்லாத, ஆனால் வீட்டிலேயே வெற்றிலைப் பெட்டியும் புகையிலையும் புழங்கும் பிள்ளைக்கு, மறுக்கக் கற்பிப்பதைவிடக் கேள்வி கேட்கக் கற்பிப்பது பொருத்தமாகவே இருந்திருக்கும்.

இரண்டாண்டு முடிவில், திட்டம் நடவாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. முடிவுகள் 2009-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் வெளிவந்தன. இதை வைத்து எல்லாவற்றுக்கும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது புகையிலையைப் பற்றியது, மதுவைப் பற்றியதன்று. பெருநகரப் பள்ளிகளில் நடந்தது, தொலைவிலுள்ள சிற்றூர்களில் நடந்ததன்று. பிள்ளைகளைத் தொடர்ந்ததும் இரண்டாண்டுகள்தான். ஆனால் நம் பிள்ளைகளிடம் எடுபடாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: குடியை விட்டுத் திருந்திய ஒருவர் எங்கள் கல்லூரிக்கு அருகில் இருக்கிறார். அவரை அழைத்துத் தம் கதையைச் சொல்ல வைத்தால் மாணவர்கள் மனம் மாறுமல்லவா?
– நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், விருதுநகர்

பதில்: உருகுவார்கள், கைதட்டுவார்கள். ஆனால் பழக்கத்தைத் தொடங்காதிருக்க அது உதவுவதாகச் சான்று இல்லை. பன்னாட்டுத் தரநிலைகள் பலன் தராத முறைகளின் வரிசையிலேயே இதை வைத்திருக்கின்றன. இருபது வயதுப் பையன் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்வது, இவ்வளவு குடித்தும் மீண்டு வரலாம் என்பதாகவும் இருக்கலாம். அவருடைய அனுபவத்துக்கு மதிப்பான இடம் வேறு: குடிநோயாளிகளின் குடும்பங்களும், சிகிச்சைக்கு வரத் தயங்குபவர்களும் அவரைக் கேட்டால் பயன் உண்டு.

கேள்வி: காவல்துறையினர் பள்ளிகளுக்கு வந்து வகுப்பெடுப்பது நல்லதுதானே? அவர்களிடம் பிள்ளைகளுக்கு மரியாதையும் பயமும் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை இதே எண்ணத்தில் தொடங்கிய டேர் என்ற திட்டம், சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது. சீருடையில் வரும் காவலர் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்துவார். பெற்றோருக்கும் ஊராட்சிக்கும் மிகவும் பிடித்துப்போனது. 1994-இல் அதன் மதிப்பீடுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு, பழக்கத்தைத் தடுப்பதில் அதன் விளைவு மிகச் சிறியது என்றும், மாணவர்களை ஈடுபடுத்தி நடத்தும் திட்டங்கள் அதைவிட மேலானவை என்றும் கண்டது. பிடித்துப்போன ஒன்றை நிறுத்துவது எந்த நாட்டு அரசுக்கும் எளிதில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே பாடம் ஓடியது.

2009-இல் டேர் அமைப்பு தன் பழைய பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் மெக்சிக்கோ வம்சாவளி மாணவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஃபிளாவியோ மார்சிக்லியா, மைக்கேல் ஹெக்ட் ஆகியோர் வகுத்த அத்திட்டத்தில் மறுப்பதற்கு நான்கு வழிகள் கற்பிக்கப்படுகின்றன: நேராக வேண்டாம் என்பது, காரணம் சொல்வது, அத்தகைய இடத்துக்குப் போகாமல் தவிர்ப்பது, எழுந்து போய்விடுவது. இந்த நான்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் உண்மையில் எப்படி மறுக்கிறார்கள் என்று கேட்டறிந்து எடுக்கப்பட்டவை. பாடத்துக்கான காணொளிகளிலும் அந்த ஊர் மாணவர்களே நடித்தார்கள். ஏழாம் வகுப்பில் பலன் தந்த அதே திட்டத்தை ஐந்தாம் வகுப்புக்கு இறக்கி, தனி ஆய்வில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. வயதை மாற்றுவதும் மாற்றம்தான். மொழியை மாற்றுவதைவிடச் சில வேளைகளில் அது பெரிய மாற்றம்.

நம் ஊரில் இந்த நான்கில் முதல் வழி மிகக் கடினம். தாய்மாமா நீட்டுவதை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று ஒரு பதினான்கு வயதுப் பையன் சொன்னால், அது போதையைப் பற்றிய பேச்சாக இராமல் மரியாதையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். ஆகவே நம் பாடத்தில் காரணம் சொல்வதற்கும் நழுவிப்போவதற்கும் கூடுதல் பயிற்சி வேண்டும்: மாலை போட்டிருக்கிறேன், பயிற்சியாளர் கண்டுபிடித்துவிடுவார், அம்மா கூப்பிடுகிறார் என்று சொல்லிப் பழகுவதில் எந்தக் குறையும் இல்லை. காவலர் முன்னிலையில் எந்தப் பிள்ளையும் தன் மாமாவைப் பற்றிய காட்சியை நடித்துக்காட்ட மாட்டான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவல்துறைக்கு வேறு வேலை இருக்கிறது: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது, 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்தினாலே வகுப்பெடுப்பதைவிடப் பெரிய உதவி.

கேள்வி: பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் குடும்பத் திட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். எங்கள் பகுதியில் அப்பாமார் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. வருபவரும் மாலைக்கு மேல் என்றால் நிதானத்தில் இருப்பதில்லை. அம்மாக்களை மட்டும் வைத்து நடத்தலாமா?
– மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: நீங்கள் படித்தது, யூட்டா பல்கலைக்கழகத்தின் கரோல் கம்ஃபர் 1980-களில் உருவாக்கிய குடும்பத்தை வலுப்படுத்தும் திட்டமாகவோ, அதிலிருந்து அயோவாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கென வகுக்கப்பட்ட ஏழு வார வடிவமாகவோ இருக்கவேண்டும். இரண்டிலும் அமைப்பு ஒன்றுதான்: முதலில் பெற்றோர் ஓர் அறையிலும் பிள்ளைகள் வேறோர் அறையிலும் ஒரே பொருளைப் பற்றித் தனித்தனியே கற்கிறார்கள், பிறகு குடும்பமாகச் சேர்ந்து அமர்ந்து அதைச் செய்து பார்க்கிறார்கள். அந்தச் சேர்ந்து அமரும் நேரம்தான் திட்டத்தின் உயிர்.

ஸ்வீடனில் இதைக் கொண்டுவந்தபோது பள்ளி வசதிக்காகச் சேர்ந்து அமரும் பகுதியை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பின்னர் ஸ்டாக்ஹோமில் நடந்த சோதனையில் மதுப்பழக்கத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. காரணம் புரிந்துவிட்டது என்று நிம்மதி அடையலாம் என்றால், மூல வடிவத்துக்கு நெருக்கமாக நடத்திய போலந்திலும் பலன் தெரியவில்லை. ஆகவே அமைப்பைக் காப்பது அவசியம், ஆனால் அதுவே போதுமானது என்று சொல்ல முடியாது. அயோவாவின் கிராமத்துக் குடும்பத்துக்குப் புதிதாக இருந்தது ஐரோப்பியக் குடும்பத்துக்கு ஏற்கெனவே வேறு வழிகளில் கிடைத்துவந்திருக்கலாம்.

கம்ஃபர் தம்முடைய திட்டத்தின் பல பண்பாட்டு வடிவங்களை ஒப்பிட்டு 2002-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. சமூகத்துக்கு ஏற்ப மாற்றிய வடிவங்களில் குடும்பங்கள் பாதியில் விலகாமல் தொடர்வது 40 சதவீதம் வரை கூடியது. ஆனால் மாற்றுகிறோம் என்று வகுப்புகளைக் குறைத்தும் முக்கியப் பகுதிகளை விட்டும் நடத்திய இடங்களில் பலன் குறைந்தது. கூட்டம் கூடியது, வேலை நடக்கவில்லை என்று இதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம். கூட்டத்தைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்க்கும் நம்மூர்ப் பழக்கத்துக்கு இது பொருத்தமான எச்சரிக்கை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மாவை மட்டும் வைத்து நடத்தலாம்; திட்டத்துக்கு வேண்டியது பிள்ளையை வளர்க்கும் பெரியவர், அவர் அம்மாவா அப்பாவா பாட்டியா என்பது இரண்டாவது. ஆனால் பிள்ளையில்லாமல் அம்மாக்களுக்கு மட்டும் சொற்பொழிவாக நடத்தினால் அது வேறு நிகழ்ச்சியாகிவிடும். அப்பாமார் வரமாட்டார்கள் என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். கடலுக்குப் போகும் ஊரில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பகுதி விடுமுறை. காலை நேரம், ஞாயிறு, கோயில் மண்டபமோ மாதா கோயில் வளாகமோ, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், முடிவில் எல்லாருக்கும் சாப்பாடு என்று ஏற்பாடு செய்யுங்கள். சாப்பாடும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் மூலத் திட்டத்திலேயே இருப்பவை. இவற்றை ஆடம்பரம் என்று வெட்டுவதுதான் நிதி கொடுப்பவர்கள் முதலில் செய்வது. குடும்பத்தில் அடிதடி நடக்கும் வீடுகளை மட்டும் சேர்ந்து அமரும் பகுதிக்கு வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

கேள்வி: மையப் பகுதியைக் காத்து, மற்றதை ஊருக்கு ஏற்ப மாற்றிவிட்டால், திட்டம் நிச்சயம் பலன் தருமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.
– ஆராய்ச்சி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை.

மினசோட்டாவின் வடகிழக்கில், பெரும்பாலும் சிற்றூர்களாக இருக்கும் 24 பள்ளி மாவட்டங்களில் 1991-இல் தொடங்கிய நார்த்லேண்ட் திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மாணவர்களின் மதுப்பழக்கத்தைக் குறைத்தது. முன்பு சொன்ன செரில் பெர்ரிதான் அதற்கும் தலைமை. அதே குழுவினர் அதைச் சிகாகோ மாநகரத்துக்குக் கொண்டுசென்றார்கள்: காட்சிகளையும் பாத்திரங்களையும் பல இனத்து நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி, பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து, 61 பள்ளிகளில் சோதித்தார்கள். மூன்றாண்டு முடிவில் மாணவர்களின் மதுப்பழக்கத்தில் வேறுபாடு இல்லை. ஒரே நாடு, அதே ஆய்வாளர்கள், கவனமான மாற்றம். ஆனாலும் தெருவுக்குத் தெரு மதுக்கடையும் விளம்பரமும் வறுமையும் இருந்த இடத்தில் வகுப்பறையின் கை எட்டவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பிரேசிலில் நடந்தது இன்னும் சங்கடமானது. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் சோதித்து நற்பெயர் பெற்ற அன்பிளக்டு என்ற பன்னிரண்டு வகுப்புப் பாடத்தைப் பிரேசில் சுகாதார அமைச்சகம் தமோஜுந்தோ என்ற பெயரில் கொண்டுவந்தது. அதைப் பரவலாக்கும்போதே 72 அரசுப் பள்ளிகளில் சோதனையும் நடத்தினார்கள். சா பாவ்லோவைச் சேர்ந்த சீலா சாஞ்செஸ் குழுவினரின் ஆய்வில், பாடம் பெற்ற மாணவர்கள் முதன்முறையாகக் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பு, பாடம் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. முகர்ந்து போதையேற்றும் பொருள்களைத் தொடங்குவது மட்டும் குறைந்திருந்தது. நல்லெண்ணத்தோடு நடத்திய பாடம் ஒரு பொருளில் உதவியாகவும் இன்னொன்றில் தீங்காகவும் முடியும் என்பதை, அளந்து பார்த்ததால்தான் அவர்கள் அறிந்தார்கள். அளக்காத நாடுகளில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் ஆராய்ச்சி மாணவி என்பதால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சுக்குவாமிஷ் என்ற பழங்குடி மக்கள், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய படகுப் பயணப் பாடம் வேறு வழியில் போனது. ஆய்வாளர்கள் கையேட்டோடு போகவில்லை. இளைஞர் போதையும், இளைஞர்கள் தம் மரபிலிருந்து விலகிப்போவதுமே தங்கள் பெரிய கவலைகள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதிலிருந்து வேலை தொடங்கியது. அந்தக் கடற்கரைப் பழங்குடிகள் ஒவ்வோர் ஆண்டும் படகுகளில் ஒன்றுகூடும் பயணத்தையே பாடத்தின் சட்டகமாக வைத்து, வாழ்க்கைத்திறன் பயிற்சியின் கூறுகளை அதற்குள் பொருத்தினார்கள். பெயர்களையும் படங்களையும் மாற்றுவது மேல்மட்ட மாற்றம். அந்த மக்கள் எதை நல்வாழ்வு என்று கருதுகிறார்களோ அதிலிருந்தே பாடத்தைக் கட்டுவது ஆழமான மாற்றம். இரண்டாவதற்கு ஆண்டுகள் ஆகும். முனைவர் பட்டத்தின் காலக்கெடுவுக்குள் அது அடங்குமா என்பதை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐஸ்லாந்தில் இளைஞர்களின் குடிப்பழக்கத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்களாமே? எங்கள் ஊராட்சியில் அதைச் செய்ய முடியுமா?
– ஊராட்சி மன்ற உறுப்பினர், ஈரோடு மாவட்டம்

பதில்: பதினைந்து, பதினாறு வயதினரில், முந்தைய மாதத்தில் குடித்து நிலைதவறியவர்கள் 1998-இல் 42 சதவீதமாக இருந்து 2016-இல் 5 சதவீதமானார்கள், நாள்தோறும் புகைப்பவர்கள் 23-இலிருந்து 3 சதவீதமானார்கள். அதே காலத்தில் பக்கத்து நாடுகளிலும் இளைஞர் குடி குறைந்ததால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கும் கலைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது, பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டது, குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் சிறுவர்கள் தனியே வெளியில் இருக்கக்கூடாது என்ற விதி ஆகியவற்றை எல்லாரும் பேசுகிறார்கள். அவற்றைவிட எளிதில் எடுத்துக்கொள்ளத்தக்கது, ஆண்டுதோறும் பள்ளிகளில் பெயரில்லாக் கணக்கெடுப்பு நடத்தி, சில வாரங்களுக்குள் அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் அதன் முடிவைத் திருப்பிக் கொடுத்த பழக்கம்.

உங்கள் ஊராட்சியில் அதிலிருந்து தொடங்கலாம். எந்தப் பொருள் என்பதை முன்முடிவோடு போகாதீர்கள். 2019-இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே வகை, பசை, வைட்னர் போன்று முகரும் பொருள்கள்தான்: சிறுவரில் 1.17 சதவீதம், பெரியவரில் 0.58 சதவீதம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் பெயர் இல்லாவிட்டாலும் வகுப்பு, தெரு, அப்பாவின் தொழில் என்று கேட்டால் யார் என்பது விளங்கிவிடும். ஒரு பிள்ளை அடையாளம் காணப்பட்டால் அடுத்த ஆண்டு ஊரில் ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள். பக்கத்து ஊராட்சிகள் சிலவற்றோடு சேர்ந்து நடத்தி, தாள்களை உள்ளூரார் பார்க்காதபடி வெளியூர்க் கல்லூரி ஒன்றிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனின் பையில் கூல் லிப் இருந்தது. பள்ளியில் தடுப்புத் திட்டம் தொடங்கப் போகிறார்கள். அதில் சேர்த்தால் சரியாகிவிடுமா?
– தாய், மதுரை

பதில்: வகுப்புக்குப் போகட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அம்மா. இந்தத் திட்டங்கள் இன்னும் தொடங்காத பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. பழகத் தொடங்கிய பிள்ளைகளை மட்டும் பிரித்து ஒரே குழுவாக உட்காரவைத்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதே அதிகமாகிவிடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. பள்ளி அப்படி ஒரு சிறப்பு வகுப்பு வைக்கப்போவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மகனிடம் எப்போதிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்பதைக் கோபமில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். காலையிலேயே தேவைப்படுகிறது என்றால் உடல் பழகிவிட்டது என்று பொருள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் பேசித் தெரிந்துகொள்ள விரும்பினால், போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி-மனஸ் எண் 14416. பள்ளிக்கு எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் எந்தக் கடையில் வாங்கினான் என்பதை எழுதுங்கள். மகனின் பெயர் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.